தோட்டம் வாங்கிய பத்து வெள்ளி

துன் சம்பந்தன் என்றால் நம்மில் பலருக்கு பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு சாலையின் பெயர்தான் ஞாபகம் வரும். ஆனா அவருடைய வாழ்க்கையில், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளின் கதையும் இருக்கு.

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 1896-இல் ஒப்பந்தக் கூலியாக மலாயா வந்து, உழைப்பால் சொந்தமாக ரப்பர் தோட்டங்கள் வாங்கியவர். ஆக, மகன் வசதியான வீட்டுப் பிள்ளை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பிறகு தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1955-இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு தேர்தலில் வென்று அமைச்சரானார். நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த தலைவர்களில் அவரும் ஒருவர்.

சுதந்திரத்தை ஒட்டிய அந்தக் காலத்தில் தோட்ட மக்களுக்கு ஒரு பேரிடி. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி விற்றார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போச்சு. பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும், வீடு சொந்தமில்லை என்ற அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

சம்பந்தனும் மனைவி உமாசுந்தரியும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள், எல்லாரும் சேர்ந்து நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று பேசினார்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். அதன்பின் இன்னும் பல தோட்டங்கள் சங்கத்துக்குச் சொந்தமாயின. கூலிக்கு மரம் வெட்டியவர் பங்குதாரர் ஆனார்.

பத்து வெள்ளி அன்று சின்னக் காசு இல்லை. சில நாள் கூலி. அதை எந்த நம்பிக்கையில் கொடுத்தார்கள்? கேட்டு வந்தவர் அந்தக் காசை நம்பிப் பிழைக்க வேண்டியவர் இல்லை, அதே சமயம் தன் வசதியைக் காட்டி அவர்களைக் கூனிக் குறுக வைக்கவும் இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

அவர் 1954-இல் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியை உருவாக்கினார். தன் பெயரையோ அப்பா பெயரையோ அதற்கு வைத்திருக்கலாம். வைத்தது மகாத்மா காந்தியின் பெயர். தந்தை விட்டுப்போன சொத்தில் கணிசமான பகுதியை விற்றுப் பொதுவேலைக்குச் செலவு செய்தார். அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்தவர், வந்ததைவிடக் குறைந்த சொத்தோடு 1979 மே 18-இல் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கு. சொந்தப் பணம் அடக்கமாக இருக்கணும், பொதுப் பணம் வெளிச்சத்தில் இருக்கணும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு உறுப்பினர் முன்னால் வைக்கப்படும். எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

நாம பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். புது மோட்டார், புதுச் சங்கிலி எல்லாம் அன்றைக்கே போனில் ஏறிடும், மாதத் தவணை எவ்வளவுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சமே மறையும் அளவுக்கு உபயதாரர் பெயர். ஆனா திருவிழா வரவு செலவைக் கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்போம்.

நம்மில் பெரும்பாலோருக்கு விற்றுக் கொடுக்கத் தோட்டம் கிடையாது. பரவாயில்லை. அடுத்த திருவிழாவுக்கு நம் கிளை வசூல் செய்யும்போது, யார் எவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் அறிவிக்க வேண்டாம். மொத்த வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதி, கோயில் பலகையில் ஒட்டுவோம். பத்து வெள்ளி கொடுக்கும் பாட்டியும் ஆயிரம் கொடுக்கும் முதலாளியும் அந்தத் தாளை ஒன்றாக நின்று படிக்கட்டும்.