எந்திரம் இல்லாமலே புரோகிராம் எழுதிய ஏடா

லேப்பில் ஒரு கமாண்ட் தரும் விடையைத் திரையில் பார்த்து, அதையே மறுபடி கையால் டைப் அடிச்சு ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பவர்கள் நம்மில் பலர். அந்த கமாண்டை 'பேக்கோட்' குறிக்குள் போட்டால் போதும். விடை தானாகவே ஸ்கிரிப்டுக்கு ஆர்க்யுமென்டாகப் போய்ச் சேரும். ஒன்றின் விடையை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் இந்த வித்தையை 1843-லேயே தாளில் போட்டுக் காட்டியவர் ஏடா லவ்லேஸ்!

1815 டிசம்பர் 10-ல் லண்டனில் பிறந்தவர். தந்தை கவிஞர் பைரன். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோதே பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் கவிதைக் கிறுக்கு மகளுக்கும் வந்துடக் கூடாதேன்னு தாய் அவரைக் கணக்குப் பாடத்தில் மூழ்க வைத்தார். 17 வயதில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். 1835-ல் திருமணம், மூன்று குழந்தைகள். ஆனாலும் படிப்பை விடவில்லை. 1840-ல் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், நாம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் மனப்பாடம் செய்யும் தேற்றத்துக்குச் சொந்தக்காரரான டி மார்கன். அவர் பிறந்தது நம்ம மதுரையில்!

பாபேஜ் திட்டமிட்ட 'அனலிட்டிகல் எஞ்சின்' பற்றி இத்தாலியரான மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் பெயர்த்தார். கூடவே சேர்த்த குறிப்புகள் மூலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு! கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் அட்டவணை. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் முந்தைய எண்கள் தேவை. 21, 22, 23-ம் பத்திகளில் காத்திருக்கும் பழைய விடைகள் அடுத்த கணக்குக்குள் நுழையும்; புது விடை 24-ம் பத்தியில் போய் உட்காரும். நடுவில் யாரும் எடுத்து எழுத வேண்டியதில்லை. இதில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்றும் உண்டு.

ஆனால் அட்டவணையின் 4-ம் செயலில், வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறி அச்சாகியுள்ளன. எஞ்சின் கட்டி முடிக்கப்படவே இல்லை. ஓட்டிப் பார்த்துத் திருத்த வழியில்லாமல் போச்சு. 1852 நவம்பர் 27-ல் புற்றுநோய் அவரை 36 வயதிலேயே பறித்துக்கொண்டது. 1980-ல் ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு அவர் பெயர் நிலைத்தது.

நமக்கும் இதே ஆபத்துதான்! விடையில் ஒரு இடைவெளி இருந்தால் போதும், ஷெல் அதை ரெண்டு ஆர்க்யுமென்டாப் பிரிச்சுடும். அடுத்து வருவதெல்லாம் இடம் மாறிடும். பேக்கோட்டைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடுங்க. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு ஆர்க்யுமென்டையும் தனித்தனி வரியில் 'எக்கோ' செய்து பாருங்க.

ஏடாவுக்குக் கிடைக்காத எந்திரம் நம்ம மேசையில் இருக்கு. ஓட்டிப் பார்க்கச் சோம்பல் எதற்கு?