சேணத் தொழிலாளியின் மகன்

1771-ஆம் ஆண்டு. பாரிஸ் மாநகரத்துச் சந்தை. பார்வையற்ற மனிதர் சிலரை மேடையிலே உட்கார வைத்து, கோமாளித் தொப்பி மாட்டி, கழுதைக் காது பொருத்தி, மூக்கிலே பெரிய அட்டைக் கண்ணாடியும் ஏற்றி, கையில் இசைக் கருவிகளைத் திணித்திருந்தான் ஒரு கடைக்காரன். அவர்கள் கன்னாபின்னாவென்று வாசித்தார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. காசு குவிந்தது!

பார்வையற்ற சிறுவன் வளர்ந்து ஆளானால் அவனுக்குப் பிழைப்பு என்ன, தோழர்களே? அன்றைய பிரெஞ்சு நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கோயில் வாசலில் ஏந்திய கை; இல்லையேல் சந்தைக் கூத்து. அந்தக் கூத்தைக் கண்டு நெஞ்சு கொதித்தவர் வாலண்டைன் ஹாவுய். கோயில் வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனை அழைத்து வந்து, பிச்சையில் கிடைத்த காசைத் தாமே ஈடுகட்டிப் படிக்க வைத்தார். 1785-ல் பள்ளியும் கண்டார். உலகிலேயே பார்வையற்ற இளைஞருக்கென எழுந்த முதற் பள்ளி அது.

அந்தப் பள்ளிக்கு 1819-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்களில், பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பாரிசுக்குக் கிழக்கே, கூப்வ்ரே என்னும் சிற்றூரிலிருந்து வந்தவன். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையிலே தோல் துளைக்கும் கருவியை எடுத்து விளையாடினான். அது கண்ணிலே பாய்ந்தது. புண் புரையோடி மறு கண்ணையும் தின்றது. ஐந்து வயதில் முழு இருள். லூயி பிரெயில் என்று பெயர்.

ஊர்ப் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் அவனை மற்றப் பிள்ளைகளோடு வகுப்பிலே உட்கார வைத்தார்கள். காதால் கேட்டே முதல் மாணவன் ஆனான். காதால் கேட்டதை எழுதிப் பார்க்க வழி? அது இல்லை.

பாரிஸ் பள்ளியில் இருந்ததா? கட்டடம் பழையது, ஈரம் சொட்டுவது, புரட்சிக் காலத்தில் சிறையாக இருந்தது. அங்கே பிள்ளைகளுக்குப் பின்னல் வேலை, நெசவு, துணிச் செருப்பு முடைதல் எல்லாம் கற்பித்தார்கள். செருப்புப் பட்டறைக்கு லூயியே பொறுப்பாளன் ஆனான், பையனாக இருக்கும்போதே. ஆனால் நூல்கள்? கண்ணுள்ளவர் படிக்கும் அதே எழுத்தைத் தாளிலே மேடாக எழுப்பியிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி ஒரு வரியைக் கடப்பதற்குள், வரியின் தொடக்கம் மறந்து போகும். அந்த எழுத்திலே மாணவன் தன் கைப்பட எழுதவோ இயலாது. எழுதத் தெரியாதவன் கணக்கு வைப்பது எப்படி? கடிதம் போடுவது எப்படி? வயது வந்த பிறகும் பிறர் கையைத்தானே எதிர்பார்க்க வேண்டும்!

முன்னாள் படை அதிகாரி பார்பியே என்பவர் வகுத்த புள்ளி எழுத்து 1821-ல் பள்ளிக்கு வந்தது. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளி வரை. விரல் நுனிக்குள் அடங்காது. ஒலியை மட்டும் குறிக்கும்; எழுத்துக்கூட்டல் இல்லை. ஆனாலும் புள்ளி விரலோடு பேசுகிறது என்பதைப் பையன்கள் கண்டுகொண்டார்கள். பகலிலே பாடம், பட்டறை. இரவிலே லூயிக்குப் பலகையும் ஊசியும். 1824-ல், பதினைந்து வயதில், பன்னிரண்டை ஆறாகச் சுருக்கினான். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை. அந்த ஆறிலிருந்து 63 வடிவம்! எழுத்து, எண், இசைக் குறி யாவும் அதிலே அடங்கின. கண்ணைப் பறித்த கருவிக்கு அக்காள் தங்கை போன்ற ஊசிதான் அந்தப் புள்ளிகளையும் குத்தியது. 1829-ல் நூலாக வெளிவந்தது. பிரெயில் அதே பள்ளியில் ஆசிரியரானார்; மாதா கோயில்களில் ஆர்கன் வாசித்தும் பொருளீட்டினார்.

அதே பள்ளியில் கிளாட் மோண்டால் என்று இன்னொருவர், பிரெயிலுக்கு மூத்தவர். பார்வையற்றவர். பியானோவுக்குச் சுருதி கூட்டுவதைத் தாமே கற்கப் புறப்பட்டார். சுருதி கூட்ட வந்த பார்வையுள்ள ஆள் முறையிட்டான். மேலிடம் கையை வைக்காதே என்றது. மோண்டாலும் அவர் தோழரும் பழைய பியானோ ஒன்றைப் பிடித்து, பிரித்து, மறுபடி பூட்டிக் காட்டினார்கள். 1830-ல் வெளியேறியவர் பாரிசிலே பேரெடுத்தார். 1836-ல் அத்தொழிலுக்கே முழு நூல் எழுதினார். பிற்காலத்தில் பல நாடுகளில் பார்வையற்ற இளைஞருக்குச் சோறு போட்ட தொழில் அது.

தடுத்தவர்கள் கொடியவர்களா? இல்லை. அதுதான் வேதனை. 1840-ல் தலைமைக்கு வந்த டூஃபோ, கண்ணுள்ளவர் எழுத்து ஒன்று, கண்ணில்லாதவர் எழுத்து ஒன்று என்றிருந்தால் இவர்கள் தனித்துப் போவார்களே என்று அஞ்சினார். நல்லெண்ணந்தான். அந்த நல்லெண்ணத்தோடு புள்ளி நூல்களைத் தீயிலிட்டார், ஊசிகளைப் பறித்தார்! யாருக்கு எது நல்லது என்று அந்த யாரையும் கேளாமலே முடிவு கட்டும் அன்பு இருக்கிறதே, அது பொல்லாதது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? கைக்குக் கிடைத்த கூர்முனையால் ஒளிந்து எழுதினார்கள். மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். துணைத் தலைவர் குவாதே இதைக் கண்டு, டூஃபோவை மனம் மாற்றினார். 1844 பிப்ரவரியில் புதுக் கட்டடத் திறப்பு விழாவிலே, பொதுமக்கள் முன்னிலையில், அந்த எழுத்து அரங்கேறியது.

அதற்குள் பழைய கட்டடத்து ஈரம் பிரெயிலின் நுரையீரலை அரித்துவிட்டிருந்தது. 1852 ஜனவரி 6-ல், 43 வயது நிறைந்த மூன்றாம் நாள், மறைந்தார். 1854-ல் பிரெஞ்சு நாடு அவ்வெழுத்தை ஏற்றது. 1951-ல் இந்திய மொழிகளுக்கு வகுத்த பாரதி பிரெயிலில் தமிழுக்கும் அதே ஆறு புள்ளிதான். 1952-ல் அவர் உடலை எடுத்துச் சென்று பாரிசிலே பேரறிஞர்களுக்கான மண்டபத்தில் வைத்தார்கள். கைகளை மட்டும் கூப்வ்ரே தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஒன்று சொல்ல மறந்தேன். சாகும்போது ஒரு சிறு பெட்டியைக் காட்டி, திறவாமல் எரித்துவிடச் சொல்லியிருந்தார். ஆவல் யாரை விட்டது? திறந்தார்கள். உள்ளே அத்தனையும் கடன் சீட்டுகள். மாணவர்கள் அவரிடம் வாங்கிய தொகைக்கு எழுதிக் கொடுத்தவை. பிறகு அவர் சொன்னபடியே எரித்தார்கள்.