கைக்குள் வந்த காமிரா
ஜார்ஜ் ஈஸ்ட்மன் வாழ்க்கை வரலாறு



ஓடுகிற குழந்தையை நீங்கள் போட்டோ எடுத்ததுண்டா? நான் எடுத்தேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் கடைசி நாள். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், ஸ்பூனில் எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்திருந்தோம். என் கையில் இரவல் வாங்கிய பெரிய டிஜிட்டல் காமிரா. அதில் எத்தனை பட்டன், எத்தனை சக்கரம்! நான் ஒன்றைத் திருகி முடிப்பதற்குள் பிள்ளைகள் கோட்டைத் தாண்டி விட்டார்கள். சாக்கு ஓட்டத்தில் முதலாவதாக வந்த பையன் பரிசு டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்து ஓடி வந்தான். அமுக்கினேன். அவனுடைய அப்பா அம்மா வெளியூரிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் டப்பா தெரிகிறது, சட்டை தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அடுத்த மாதம் அந்த ஊருக்குப் போனபோது அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு வேலை தேடிப் போயிருந்தது.

அந்த வாக்கு இன்னும் என் கணக்கில் பாக்கியாகவே நிற்கிறது.

அதற்குப் பிறகு நம் பேரவைக்கு ஒரு காமிரா வாங்கலாம் என்று பேச்சு வந்தது. ஒருத்தர் மெகாபிக்சல் என்கிறார், ஒருத்தர் லென்ஸ் என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூலகத்தில் தேடியபோதுதான் ஒரு மனிதரின் வாழ்க்கை கண்ணில் பட்டது. காமிராவைச் சுலபமாக்குவதற்கென்றே வாழ்ந்தவர் அவர். அவரைத் தெரிந்துகொண்டால் காமிராவைத் தேர்ந்தெடுக்கவும் தெரிந்துவிடும் என்பது என் கருத்து. அவர்தான் கோடாக் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன்.

படிப்பை விட்ட பையன்

ஈஸ்ட்மன் 1854-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ராச்செஸ்டர் நகரில் ஒரு வணிகக் கல்லூரி நடத்தி வந்தார். 1862-ல் அவர் இறந்துவிட்டார். அப்போது ஈஸ்ட்மனுக்கு வயது எட்டுகூட ஆகவில்லை. அம்மா மரியா வீட்டில் ஆட்களைத் தங்க வைத்து, சமைத்துப் போட்டு, அந்த வருமானத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஒரு அக்காவுக்குப் போலியோ, சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. அவரும் 1870-ல் போய்விட்டார்.

பதினாலு வயதில் ஈஸ்ட்மன் பள்ளிக்கூடத்தை விட்டார். வீட்டுக் கஷ்டம்தான் காரணம். ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் எடுபிடிப் பையன் வேலை. வாரம் 3 டாலர் சம்பளம். நம்ம ஊர்ப் பக்கம் கை மடிக்கிற பையன்கள் இதைப் படித்தால் தங்கள் கதை என்றே நினைப்பார்கள். ராத்திரி வீட்டில் கணக்கு வழக்கு படித்துக்கொண்டே 1874-ல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் எழுத்தர் ஆனார். வாரம் 15 டாலருக்கு மேல் வந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது.

சமையலறைச் சோதனைச்சாலை

இருபத்து நாலு வயதில் விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போகலாம் என்று திட்டம் போட்டார். போகிற இடத்தைப் படம் எடுத்து வரலாமே என்று கூட வேலை செய்தவர் யோசனை சொன்னார். காமிரா வாங்கினார். வாங்கிய பிறகுதான் வம்பு புரிந்தது.

அந்தக் காலத்துப் போட்டோ என்றால் கண்ணாடித் தகட்டில் பசை போன்ற ஒரு திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். அதற்கு ஒரு கருப்புக் கூடாரம், மருந்துப் புட்டிகள், தொட்டி, தண்ணீர், முக்காலி எல்லாம் சுமக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே 5 டாலர் கொடுத்துப் பாடம் கேட்டார். கடைசியில் அந்தத் தீவுக்கு அவர் போகவே இல்லை! ஆனால் இவ்வளவு மூட்டை எதற்கு என்ற கேள்வி மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது.

நண்பர்களே, அந்த நாளில் குழந்தைகளின் பாடு என்ன தெரியுமா? ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கே தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைப்பார்கள். குழந்தை நிற்குமா? அதனால் அம்மா மேல் ஒரு துணியைப் போர்த்தி நாற்காலி மாதிரி உட்கார வைத்து, அவர் மடியில் குழந்தையை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். இன்றும் அந்தப் படங்கள் இருக்கின்றன. குழந்தை தெரியும், அம்மா வெறும் துணிக் குவியல்.

ஈரத் தகட்டுக்குப் பதிலாக உலர்ந்த தகடு செய்யலாம் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வந்ததை ஈஸ்ட்மன் படித்தார். பகலெல்லாம் வங்கி, ராத்திரியெல்லாம் அம்மாவின் சமையலறையில் ஜெலட்டின் காய்ச்சுவது. தகட்டில் மருந்தைச் சீராகப் பூசுகிற இயந்திரம் ஒன்றைச் செய்து 1879-ல் இங்கிலாந்திலும் 1880-ல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். 1881-ல் ஹென்றி ஸ்ட்ராங் என்பவர் பணம் போட, கம்பெனி பிறந்தது. அதே ஆண்டு வங்கி வேலையை விட்டார்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. கடைகளுக்குப் போன தகடுகள் கெட்டுப்போயின. அவர் சாக்குச் சொல்லவில்லை. அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதிய தகடு கொடுத்தார். கையிருப்பு முழுக்கக் கரைந்தது, ஆனால் பெயர் நின்றது. ரிஜெக்ட் ஆன சரக்கை என்ன செய்வது என்று தெரிந்த நம்ம ஊருக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

பொத்தானை அமுக்கினால் போதும்

கண்ணாடி உடையும், கனமும் அதிகம். சுருட்டி வைக்கிற பிலிம் வேண்டும் என்று வில்லியம் வாக்கர் என்பவரோடு சேர்ந்து உழைத்தார். 1888-ல் கோடாக் காமிரா வந்தது. பெயருக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. அவரே எழுத்துக்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்குப் பிலிம். படம் எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே 10 டாலரோடு ராச்செஸ்டருக்கு அனுப்பினால் போதும். படங்களைக் கழுவி, புதுப் பிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். வாங்கியவர் செய்ய வேண்டியது கயிற்றை இழுத்து, சாவியைத் திருகி, பொத்தானை அமுக்குவது மட்டும்தான். 1889-ல் ஒளி ஊடுருவும் பிலிமும் வந்தது. எடிசனின் சினிமாக் காமிராவுக்கு அந்தப் பிலிம்தான் உதவியது.

ஆனால் 25 டாலர் என்பது ஈஸ்ட்மன் எழுத்தராக இருந்தபோது வாங்கிய சம்பளத்தில் ஒன்றரை வாரத்துக்கு மேல். ஏழை வீட்டுக்கு அது எட்டாது. அதனால் 1900-ல் பிரவுனி என்ற காமிராவைக் கொண்டுவந்தார். அதை வடிவமைத்தவர் பிராங்க் பிரவுனெல். அட்டையில் செய்த சிறு பெட்டி. விலை 1 டாலர். ஆறு படத்துக்கான பிலிம் 15 சென்ட். அதைக் குழந்தைகளுக்கென்றே விளம்பரம் செய்தார்கள். பெயரும் குழந்தைகள் கதையில் வரும் குட்டிப் பூதங்களின் பெயர்தான். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. துணியால் மூடிய அம்மா துணியை விலக்கிவிட்டு, தானே காமிராவைக் கையில் எடுத்தாள்.

பிரவுனியில் தூரம் வைக்கிற சக்கரம் கிடையாது. லென்ஸின் துளை சிறியது. அதனால் சில அடிகளுக்கு அப்பால் உள்ள எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். இதுதான் அதன் ரகசியம். சிறிய துளைக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஆகவே வெயிலில்தான் எடுக்க முடியும். ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார். நம் நாட்டில் பரோடாவில் செய்து விற்ற அக்பா கிளிக் 3 காமிராவும் இதே வம்சம்தான். 120 ரோலில் 12 படம். பல வீடுகளில் பழைய ஆல்பத்துச் சதுரப் படங்கள் அதில் எடுத்தவை. நமக்குப் பக்கத்திலேயே ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. இப்போது அந்த ஆலை மூடிக் கிடக்கிறது.

நல்லதும் அல்லதும்

ஈஸ்ட்மனைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார் 1887-லேயே பிலிமுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். அது கிடைக்க 1898 ஆகிவிட்டது. இரண்டு ஆண்டில் அவர் இறந்தார். நீண்ட வழக்குக்குப் பிறகு 1914-ல் கோடாக் 50 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. தொழிற்சங்கம் தன் ஆலைக்குள் வருவதையும் ஈஸ்ட்மன் விரும்பவில்லை. அதே மனிதர்தான் 1912 முதல் லாபத்தைப் பொறுத்துத் தொழிலாளர்களுக்குப் போனஸ் கொடுத்தார். 1919-ல் தன் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை, 1 கோடி டாலர் மதிப்புள்ளதை, அவர்களுக்கே கொடுத்தார். தீபாவளி போனஸுக்காகக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே எடை போடுவார்கள். கொடுப்பது வேறு, கேட்கிற உரிமை வேறு.

நமக்குப் பெருமையான ஒரு செய்தி. 1912-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தார். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் ஸ்மித் என்ற பெயரில் கொடுத்தார். 1920-ல்தான் உண்மை தெரிந்தது. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் தொழில் படிக்கிற மாணவர்களுக்குக் கட்டிடம் கட்டினார்! கறுப்பின மக்களின் ஹாம்ப்டன், டஸ்கீகி கல்வி நிலையங்களுக்கும் கொடுத்தார். குழந்தைகளின் பல்லுக்கு வைத்தியம் பார்க்க ராச்செஸ்டரிலும், லண்டன், பாரிஸ், ரோம் போன்ற நகரங்களிலும் மருத்துவமனைகள் அமைத்தார். அவருக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை.

முதுமையில் முதுகெலும்பு நோய் அவரை வாட்டியது. 1932 மார்ச் 14-ஆம் நாள் 77-ஆம் வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதை எழுதும்போது மனசு கனக்கிறது. நண்பர்களே, எந்த வலி வந்தாலும் பக்கத்தில் இருக்கிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க ஆள் உண்டு.

இனி நம் காமிரா

1975-ல் கோடாக் கம்பெனியிலேயே ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி ஆனது. கண்ணாடித் தகட்டைத் தானே விற்றுக்கொண்டிருந்தபோதே அதை ஓரங்கட்டும் பிலிமைக் கொண்டுவந்தவர் ஈஸ்ட்மன். அவர் கம்பெனியோ பிலிமை விட மனசில்லாமல் தாமதித்து, 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

இந்த வாழ்க்கை சொல்லும் பாடம் ஒன்றுதான். கண் பார்ப்பதற்கும் விரல் அமுக்குவதற்கும் நடுவில் எத்தனை வேலை இருக்கிறதோ, அத்தனை குழந்தைகள் நம்மை விட்டு ஓடிப்போகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. குழந்தை நொடிக்கு 3 மீட்டர் குறுக்கே ஓடுகிறது என்று வைப்போம். 1/50 நொடி ஷட்டரில் அது 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முகம் கோடாகிவிடும். 1/500 நொடியில் 6 மில்லிமீட்டர்தான். ஆகவே கடையில் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். ஆன் செய்ததும் எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்று பாருங்கள். அமுக்கிய உடனே படம் விழுகிறதா, தாமதிக்கிறதா என்று பாருங்கள். ஒரே திருகலில் விளையாட்டு முறைக்குப் போகிறதா, விடாமல் பல படம் எடுக்கிறதா என்று பாருங்கள். நண்பனைக் கையை வேகமாக ஆட்டச் சொல்லி கடையிலேயே எடுத்துப் பாருங்கள். விரல்கள் எண்ண முடிந்தால் வாங்கலாம். செல்போனுக்கும் இதே சோதனைதான். வீட்டுக்குள் மங்கல் வெளிச்சத்தில் எடுக்காமல் குழந்தையை வாசலுக்கு அழைத்து வாருங்கள். நீங்களும் அதன் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்காருங்கள்.

நம் பேரவை வாங்கும் காமிரா எதுவானாலும் அது முதல் வருஷத்துத் தம்பி தங்கை எடுத்தவுடனே அமுக்கக்கூடியதாக இருக்கட்டும். அடுத்த முகாமிலும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அவர்களில் ஒருவனுடைய வீட்டில் அவன் முகம் உள்ள படம் வேறு ஒன்றும் இருக்காது. இந்த முறை அந்த முகம் தெளிவாக விழ வேண்டும். அன்றைக்கே பிரிண்ட் போட்டு அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!

இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்