மளிகைக்கடைக்காரர் மகன் கொண்டு வந்த ராட்சத எந்திரம்
கேன்சர் ஸ்கேன் ஊசிக்கு பின்னால் ஒரு ஏழை விஞ்ஞானி

சேதராப்பட்டு:-

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது கேன்சர் என்றால் முதலில் ஓடுவது கோரிமேடு ஜிப்மருக்குத்தான். அணு மருத்துவத்துக்கு என்று அங்கே தனித் துறையே இருக்கிறது.

நோய் எங்கெல்லாம் பரவியிருக்கு என்று பார்க்க டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது 'பெட் ஸ்கேன்'. அதற்கு முன்னாடி ஒரு ஊசி போடுவார்கள். அது கதிர்வீச்சு கலந்த சர்க்கரை. கேன்சர் கட்டி சர்க்கரையை பேராசையாக இழுத்துக்கொள்ளும். உடனே ஸ்கேனில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மருந்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. 110 நிமிடத்தில் வீரியம் பாதியாகிவிடும். 'சைக்ளோட்ரான்' எந்திரத்தில் அன்றன்றைக்கு தயாரித்து, அவசரமாக அனுப்புகிறார்கள். பெரிய காந்தத்துக்கு நடுவே அணுத்துகள்களை வட்டமாக சுற்ற விட்டு, வேகத்தை ஏற்றி, ஒரு பொருள் மீது மோத விடுவதுதான் இதன் வேலை.

இந்த எந்திரத்தை முதலில் இந்தியாவுக்கு கொண்டு வந்தவர் யார் தெரியுமா? மேகநாத் சாஹா.

பாத்திரம் கழுவி படித்தவர்

இன்றைய வங்காளதேசத்தில் சியோரதாலி என்ற கிராமத்தில் 1893-ல் பிறந்தார். அப்பாவுக்கு சின்ன மளிகைக்கடை. எட்டு பிள்ளைகள். மகன் கடையில் உட்கார்ந்தால் போதும் என்பது அப்பாவின் கணக்கு.

பெரிய பள்ளிக்கூடம் சில மைல் தள்ளி இருந்தது. அந்த ஊர் டாக்டர் ஒருவர் இலவசமாக சோறும் இடமும் கொடுத்தார். பதிலுக்கு சாஹா மாடு பார்த்துக்கொண்டார், தன் பாத்திரத்தை தானே கழுவினார். சணல் மில்லில் மாதம் 20 ரூபாய் வாங்கிய அண்ணன், அதில் 5 ரூபாயை தம்பிக்கு அனுப்பினார். மில் சம்பளத்தில் இது எவ்வளவு பெரிய தொகை என்று புதுச்சேரிக்காரர்களுக்கு சொல்ல வேண்டியதில்லை.

1905-ல் வெள்ளைக்கார கவர்னருக்கு எதிராக போராடியதால் ஸ்காலர்ஷிப் போச்சு. வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். கல்கத்தா ஹாஸ்டலிலோ, தாழ்ந்த ஜாதி என்று கூட உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். 1920-ல் நட்சத்திர ஒளியை வைத்து அதன் சூட்டை கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார்.

கப்பலோடு மூழ்கிய பம்பு

அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரானை உருவாக்கியவர் லாரன்ஸ். அதில் தயாரித்த கதிர்வீச்சு பாஸ்பரசை, அவருடைய தம்பியான டாக்டர் ஜான் 1936-ல் ரத்தப் புற்றுநோயாளிக்கு கொடுத்துப் பார்த்தார்.

அங்கே தன் மாணவர் நாக் சௌத்ரியை அனுப்பினார் சாஹா. டாடா அறக்கட்டளை 60 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. 1941-ல் காந்தத்தின் பாகங்கள் வந்து சேர்ந்தன. ஆனால் வெற்றிட பம்புகளை ஏற்றி வந்த கப்பல் உலகப்போரில் மூழ்கியது. பம்பு இல்லாமல் எந்திரம் வெறும் இரும்பு. உள்ளூரிலேயே பம்பு செய்யப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் இழுத்தது.

இதற்கிடையே 1950-ல் அவருடைய அணு ஆராய்ச்சி நிலையத்தை மேரி கியூரியின் மகள் ஐரீன் திறந்து வைத்தார். 1952-ல் எம்.பி.யும் ஆனார்.

1956 பிப்ரவரி 16-ந்தேதி டெல்லியில் திட்டக்குழு ஆபீசுக்கு போகும் வழியில் மாரடைப்பு வந்து சாஹா இறந்தார். அதுவரை அந்த எந்திரம் முழுசாக ஓடவில்லை.

மருத்துவத்துக்கு என்றே ஒரு சைக்ளோட்ரான் இந்தியாவில் முதலில் ஓடியது மும்பை பரேலில், 2002-ல். சாஹாவின் கொல்கத்தாவில் அப்படி ஒன்று, நாட்டிலேயே பெரியது, 2018 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது.