நூற்கலைஞர் காப்டன் சாண்டர்சன்

நூலினுள் உறையும் கருத்தைப் போற்றுவோர் பலர். அக்கருத்தைத் தாங்கி நிற்கும் எழுத்தையும் தாளையும் கட்டையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவற்றைச் செம்மை செய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர், இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் ஜேம்ஸ் காப்டன் சாண்டர்சன் ஆவார்.

அவர் 1840ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள ஆனிக் என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்றும் பட்டம் பெறாது வெளியேறினார். பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார்; எனினும், அவர் உள்ளம் அத்தொழிலில் தோயவில்லை. 1882இல் ரிச்சர்ட் காப்டன் என்னும் அரசியல் அறிஞரின் மகளாரை மணந்து, அவர்தம் குடிப்பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். மறு ஆண்டில், கவிஞர் வில்லியம் மாரிஸ் குடும்பத்தாரோடு விருந்துண்டபோது, கைத்தொழில் ஒன்று கற்க வேண்டும் என்னும் வேட்கையை வெளியிட்டார். நூல் கட்டும் தொழிலைக் கற்கலாமே என்று மாரிசின் மனைவியார் மொழிந்தார்.

அச்சொல் அவர் வாழ்வையே மாற்றியது. நாற்பது வயதைக் கடந்த வழக்கறிஞர், நூல் கட்டும் தொழிலாளர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். அச்சிட்ட தாள்களை மடித்தல், வரிசைப்படுத்தல், ஊசியும் நூலுங் கொண்டு தைத்தல், தோல் போர்த்தல், சூடேற்றிய கருவிகளாற் பொற்றகட்டை அழுத்திப் பூவேலை செய்தல் ஆகியவற்றைக் கற்றார். 1884இல் தாமே பட்டறை தொடங்கினார். மனைவியார் நூல்களைத் தைத்து உதவினார். மேலே ஒளிரும் பொன் கண்ணைக் கவரும். ஆயின், உள்ளே மறைந்துள்ள தையலே நூலைக் காக்கும். தையல் தளருமாயின் பொன்வேலையாற் பயனில்லை. தொழில் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே. 1893இல் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஹேமர்ஸ்மித்தில் டவ்ஸ் நூற்கட்டு நிலையத்தை நிறுவினார்.

1900இல் எமரி வாக்கர் என்னும் அச்சுக்கலை வல்லுநரோடு கூடி டவ்ஸ் அச்சகத்தைத் தொடங்கினார். பதினைந்தாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் நிக்கோலாஸ் ஜென்சன் என்பார் அச்சிட்ட நூல்களின் எழுத்தையே அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர். அதனை ஒட்டிப் புதிய எழுத்துகள் வரையப்பட்டன. எட்வர்ட் பிரின்ஸ் என்னும் கைவல்லவர் ஒவ்வோர் எழுத்தையும் எஃகில் செதுக்கினார். அவ்வெஃகு அச்சினைச் செம்பில் அழுத்தித் தாய் அச்சு அமைத்து, அதில் உலோகத்தை உருக்கி வார்த்தனர். ஒரே அளவினதாகிய அவ்வெழுத்தைக் கொண்டே, படமும் பூவேலையும் இன்றி, அச்சகத்தின் நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஐந்து தொகுதிகளாலாகிய விவிலியம் தலைசிறந்தது.

பின்னர் நண்பர் இருவரும் பிணங்கிப் பிரிந்தனர். காப்டன் சாண்டர்சனின் காலத்திற்குப் பின் அவ்வெழுத்துகள் வாக்கரைச் சேரும் என உடன்படிக்கை செய்யப்பட்டது. தாம் கண்ணெனப் பேணிய எழுத்துகள் எந்திரங்களிற் சிக்கிச் சீரழியுமோ என்னும் அச்சம் அவரை அலைத்தது. 1913இல் எஃகு அச்சுகளையும் தாய் அச்சுகளையும் தேம்ஸ் ஆற்றில் எறிந்தார். 1916இல் தொடங்கி மறு ஆண்டின் தொடக்கம் வரை, எழுபத்தைந்து வயதைக் கடந்த அம்முதியவர், இருட்டியபின் எழுத்துகளைச் சிறிது சிறிதாகச் சுமந்து சென்று, ஹேமர்ஸ்மித் பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்த்தினார். இவ்வாறு ஆற்றில் அமிழ்ந்தவை ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையின.

1922இல் அவர் மறைந்தார். வாக்கர் இழப்பீடு கோரி வழக்கிட, கைம்பெண்ணான மனைவியார் பொருள் செலுத்த நேர்ந்தது. உடன் உழைத்த துணைவியார்மீதே கணவர் செய்த பிழையின் சுமை வீழ்ந்தது. 2014இல் முக்குளிப்போர் அவ்வாற்றின் அடியிலிருந்து ஏறத்தாழ 150 எழுத்துகளை மீட்டெடுத்தனர்.

முதுமையை நெருங்கும் பருவத்திலும் தொழில் கற்க நாணாத உள்ளமும், மறைந்திருக்கும் உறுப்பையும் செம்மையாகச் செய்யும் நேர்மையும் அவரிடம் நாம் கற்கத்தக்கவை. பலர் உழைப்பால் விளைந்த பொருளைத் தமக்கே உரியதென எண்ணி அழித்தது நாம் தவிர்க்கத்தக்கது. கலையைப் படைத்தற்குத் திறமை வேண்டும். படைத்ததைப் பிறர் கையில் ஒப்படைத்தற்கோ பெருந்தன்மை வேண்டும்.