பேச்சைக் காத்த கரங்கள்

நாம் பேசும்போது மூளையை நினைப்பதில்லை. ஆனால் அதில் பேச்சு உறையும் இடத்தைத் தேடியவர் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்ட்.

இவர் 1891 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். 1928இல் கனடாவின் மான்ட்ரியல் நகருக்கு வந்தார். அவ்வாண்டின் இறுதியில் அவருடைய அக்காள் ரூத்திற்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. தம்பியே அறுவை செய்தார். கட்டியை முழுவதும் அகற்ற இயலவில்லை. 1931இல் ரூத் மறைந்தார். துயரில் சோர்ந்துவிடாமல் அவர் 1934இல் மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தைத் தொடங்கினார்.

அங்கே வலிப்பு நோயாளிகளின் தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்வார். மூளைக்கு வலி தெரியாது. விழித்திருக்கும் நோயாளியிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும்போது, மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொடுவார். சொல் தடைப்பட்டால் அதுவே பேச்சின் இடம். அங்கே கத்தி படாது!

பின்னர் அந்நிலையத்திற்கு ஜப்பானிய மருத்துவர் வாடா வந்தார். கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடங்கள் உறங்கச் செய்வது அவர் முறை. பேச்சு எந்தப் பாதியில் உள்ளது என்பது அறுவைக்கு முன்பே தெரிந்துவிடும்.

பென்ஃபீல்ட் 1976 ஏப்ரல் 5 அன்று காலமானார். அக்காளைக் காக்க இயலாத கரங்கள் பலருடைய பேச்சைக் காத்தன. தோல்வியில் துவளாத அவர் வாழ்வு, மாணவியராகிய நமக்கு நல்லதொரு பாடமன்றோ!