கட்டைவிரல் கேட்காத ஆசான்

ஏகலைவனிடம் கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட துரோணரை ஆசான் என்கிறது பாரதம். நாம் சொல்ல வந்தது வேறோர் ஆசானைப் பற்றி.

மதுரையைத் தாண்டித் தெற்கே விருதுநகர், சாத்தூர் என்று போனால் கரிசல் பூமி. அங்கே, கோவில்பட்டியிலே, பிள்ளைகளின் கட்டைவிரலுக்குப் பென்சில் தந்தவர் சி. கொண்டையராஜு. கடவுள் படம் எழுதியவரைப் பற்றி இந்த ஏட்டிலா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! இலட்சுமி நமக்கு வேண்டாம். அவள் கன்னத்துக்கு உருட்சி தந்த கை வேண்டும்.

1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியிலே பயின்றார். பிறகு திருவண்ணாமலை ஆசிரமவாசம். அந்த ஏட்டை நாம் புரட்டிவிட்டுப் போவோம். நாடகக் கம்பெனியிலே படுதா எழுதி ஊர் ஊராகத் திரிந்தார். கம்பெனி கலைந்தது, 1940-களில் கோவில்பட்டியிலே தங்கினார். மணம் செய்துகொள்ளவில்லை; மாணவரே குடும்பம்.

ஓவியத்துக்கு அரிச்சுவடி பென்சில். வெறும் வட்டம் போட்டால் அது தட்டு. வெளிச்சம் விழும் பக்கத்தை வெள்ளையாக விட்டு, மறுபக்கம் கோடுகளை நெருக்கி இருளேற்றினால், அதுவே பந்து! அழுத்தினால் கருமை, தளர்த்தினால் சாம்பல். இதைக் கற்க எந்தக் குலத்திலே பிறக்க வேண்டும்? எந்த மந்திரம் ஓத வேண்டும்? கண் வேண்டும், கை வேண்டும், காட்டித் தர ஒருவர் வேண்டும். கோவில்பட்டியிலே ஒருவர் இருந்தார்.

டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம், செண்பகராமன் என்று மாணவர் வளர்ந்தனர். சிவகாசி அச்சகங்கள் அச்சிட்ட அவர்கள் படங்கள் மாளிகையிலும் தொங்கின, மண்குடிசையிலும் தொங்கின.

1976-இல் கொண்டையராஜு மறைந்தார். பழைய காலண்டர் கிடைத்தால், கடவுளை விட்டுவிட்டுக் கையெழுத்தைப் பாருங்கள். பல படங்களிலே ஆசான் பெயரோடு மாணவன் பெயரும் இருக்கும்: கொண்டையராஜு, சுப்பையா; கொண்டையராஜு, இராமலிங்கம்.